இரண்டாவது பிரேக்

பேருந்து எந்தச் சிக்னலில் நின்றாலும் அதை நிறுத்துகிறவர் அவர்தான். ஓட்டுநர் என்று ஒருவர் முன்னால் உட்கார்ந்திருப்பது உண்மை. ஆனால் சிவப்பு விளக்கு தூரத்தில் தெரிந்த உடனேயே, நடு வரிசை ஜன்னலோரத்தில் பிரேக் மாஸ்டரின் வலது கால் தரையை அழுத்த ஆரம்பித்துவிடும். முட்டி விறைக்கும். தாடை இறுகும். கை முன்னிருக்கைக் கம்பியைப் பிடிக்கும். வண்டி நின்றதும் ஒரு பெருமூச்சு. பக்கத்தில் இருப்பவர் திரும்பிப் பார்த்தால், இதற்கெல்லாம் நன்றி எதற்கு என்பதுபோலத் தலையை லேசாக அசைப்பார்.

லிஃப்ட்டில் இறங்கும்போதும் மிதிப்பார். முடிதிருத்தும் கடையில் நாற்காலியைப் பின்னால் சாய்த்தாலும் மிதிப்பார். தொலைக்காட்சிப் படத்தில் வில்லனின் கார் மலைப்பாதையில் தறிகெட்டு ஓடும். அவன் எப்போது தொலைவான் என்று குடும்பமே காத்திருக்கும். இவர் மட்டும் அவனைக் காப்பாற்றப் போராடிக்கொண்டிருப்பார். சோபாவுக்கு முன்னால் விரித்த கம்பளத்தில் அவருடைய வலது குதிகால் படும் இடம் நூல் நூலாகப் பிரிந்து கிடக்கிறது. செருப்புத் தைப்பவர் ஒருமுறை இரண்டு செருப்பையும் அருகருகே வைத்துப் பார்த்துவிட்டு, "இது ரெண்டும் ஒரே ஆளோடதா மாஸ்டர்?" என்று கேட்டார். இடது செருப்பு புதுமாப்பிள்ளை மாதிரி இருந்தது. வலது செருப்பு அவனுடைய மாமனார் மாதிரி இருந்தது.

அவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். டிரைவிங் ஸ்கூல் காரில் இரண்டு பிரேக் இருக்கும். ஒன்று கற்றுக்கொள்பவர் காலடியில், இன்னொன்று கற்றுக்கொடுப்பவர் காலடியில். இரண்டாவது ஆபத்துக்கு மட்டும் என்பது அதைப் பொருத்தியவர்களின் எண்ணம். மாஸ்டரின் கணக்கில் ஆபத்து என்பது சாவியைத் திருப்பும்போது தொடங்கி, சாவியை உருவும்போது முடிவது.

"ரிலாக்ஸ்! ரிலாக்ஸ்னு சொல்றேன்ல! தோளை எறக்குங்க!" என்று அவர் போடும் சத்தத்தில் நடைபாதையில் போகிறவர்கள்கூடத் தோளை இறக்கிக்கொள்வார்கள். "ஸ்டியரிங் என்ன பிடிபட்ட திருடனா, கழுத்தை நெரிக்கிறீங்க? சும்மா தொட்டுக்கிட்டு இருந்தா போதும். லூசா... லூசா... ஐயோ நாய், நாய்!"

நாய் நடைபாதை ஓரம் குறட்டை விட்டுக்கொண்டிருக்கும். கார் நின்றிருக்கும்.

"இந்தக் கைக்கு வந்த வண்டியில இதுவரைக்கும் ஒரு கீறல் உண்டா?" என்பது அவர் பெருமை. கிடையாதுதான். அவரிடம் படித்தவர்கள் எல்லாரும் காரை நகர்த்தக் கற்றுக்கொண்டார்கள். நிற்பது காரின் பிறவிக்குணம் என்று நம்பிக்கொண்டு வெளியேறினார்கள். பாடம் முடித்து சொந்தக் கார் வாங்கிய வங்கிக்காரர் ஒருவர், முதல் நாளே தன் வீட்டு கேட்டை நோக்கிப் போய், கார் நிற்கட்டும் என்று பொறுமையாகக் காத்திருந்தார். கேட்டைத் திறந்த பெருமை காருக்கே சேர்ந்தது. மறுநாள் அவர் மாஸ்டரிடம் வந்து நொந்துகொண்டார்: "உங்க வண்டி எவ்ளோ நல்ல வண்டி மாஸ்டர். நான் வாங்கினது சரியில்ல. சொன்ன பேச்சு கேக்க மாட்டேங்குது."

இப்படிப்பட்டவருக்கு நீண்டநாள் மாணவி ஒருத்தி உண்டு. அவர் மனைவி.

அந்த அம்மாள் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறார். ஊசியைப் பார்த்ததுமே கல்லாகிவிடும் கைகளை நாள் முழுக்கப் பிடித்து, "லூசா விடுங்க... அவ்ளோதான்... முடிஞ்சுபோச்சு" என்பார். குரல் உயராது. கை தானாகத் தளரும். கணவனும் மனைவியும் காலையிலிருந்து மாலை வரை ஊருக்குச் சொல்வது ஒரே வார்த்தைதான். ஒருவர் சொன்னால் ஆள் தளர்கிறான். மற்றவர் சொன்னால் இருக்கிற தளர்வும் போய்விடுகிறது.

ரத்தம் எடுப்பதில் பிசகாத அந்தக் கை, ஓட்டுநர் தேர்வில் மட்டும் மூன்று தடவை தோற்றுவிட்டது. மூன்றும் ஒரே காரணம்: நிறுத்தற்கோட்டைத் தாண்டிப் போய்விட்டார். கடைசித் தடவை தேர்வு அதிகாரி, "ஏம்மா, கோடு கண்ணுக்குத் தெரியலையா?" என்று கேட்டதற்கு, "தெரிஞ்சுது சார். நீங்க நிறுத்துவீங்கன்னு நெனச்சேன்" என்று உண்மையைச் சொல்லியிருக்கிறார்.

அதுவரை இது வீட்டு நகைச்சுவையாக இருந்தது. பிறகு பரிசோதனைக் கூடத்தில், நடக்க முடியாதவர்களின் வீட்டுக்கே போய் ரத்தம் எடுத்து வரும் பிரிவு ஒன்றைத் தொடங்கினார்கள். கார் தருவார்கள், பொறுப்பு தருவார்கள். லைசென்ஸ் இருக்க வேண்டும். இந்த அம்மாளுக்குத்தான் என்று எல்லாரும் சொன்னார்கள். அடுத்த தேர்வில் தேறாவிட்டால் நேற்று வந்த பெண்ணுக்கு என்றும் சொன்னார்கள்.

அன்று வீட்டுக்கு வந்து பையை வைத்ததும் அம்மாள் பேச்சை எடுத்தார்.

"இதோ பாருங்க. இந்தத் தடவையும் ஃபெயில் ஆச்சுன்னா நான் எதிர்க்கடையில போய்ச் சேந்துடுவேன்."

எதிர்க்கடை என்பது மாஸ்டரின் பள்ளிக்கு நேர் எதிரே இருக்கும் இன்னொரு டிரைவிங் ஸ்கூல். அதன் ஆசிரியர் பாடம் நடக்கும்போது தொப்பியை முகத்தில் கவிழ்த்துக்கொண்டு தூங்குவார். அவர் மாணவர்கள் வரிசையாகத் தேறுவார்கள். இதில் இருக்கும் அநியாயம் மாஸ்டருக்கு வருஷக்கணக்காக ஜீரணமாகவில்லை.

"அந்தத் தூங்குமூஞ்சிகிட்டயா?"

"தூங்கட்டுமே. ஆள் தூங்குனா காலும் தூங்கும்ல?"

"வாத்தியார் பொண்டாட்டியே எதிர்க்கடைக்குப் போனா ஊரு சிரிக்கும்மா."

"சிரிக்கட்டும். நான் வண்டி ஓட்டிக்கிட்டே கேட்டுக்கறேன்."

மாஸ்டர் கால் வைத்தியரிடம் போனதற்குக் காரணம் கெண்டைக்கால் வலி என்று அவர் சொல்வார். உண்மையில் இந்த உரையாடல்தான் காரணம். தசைப் பயிற்சி கொடுக்கும் அந்த வைத்தியர் கெண்டைக்காலைத் தட்டிப் பார்த்தார். யாரோ கதவைத் தட்டுவதுபோலச் சத்தம் வந்தது.

"சதையை எங்கங்க வச்சிருக்கீங்க? கையும் காலும் தளர்வா ஆடுற மாதிரி ஏதாவது கத்துக்கோங்க. நீச்சல் போறீங்களா?"

"தண்ணியில எதை மிதிச்சு நிக்கிறது?"

வைத்தியர் பதில் யோசிக்கும்போது மேல்மாடியிலிருந்து தடதடவென்று சத்தம் வந்தது. மேலே டிரம்ஸ் வகுப்பு நடக்கிறது, இது தினசரி இம்சை என்று அவர் விளக்கினார்.

"அதுல பெடல் இருக்கா?" என்று கேட்டார் மாஸ்டர்.

"இருக்கும்னு நெனைக்கிறேன்."

"அப்ப சரி. பழகின சாமான்" என்று சொல்லிவிட்டு, ஒற்றைச் செருப்பு தேயத் தேய மாடி ஏறினார்.

டிரம்ஸ் ஆசிரியை, எலும்புகளைப் பாதி வீட்டிலேயே கழற்றி வைத்துவிட்டு வந்தவள்போல இருக்கும் இளம்பெண். நடந்தால் கை ஒரு பக்கம் வரும், தோள் சற்றுப் பொறுத்து வரும். மாஸ்டரை "அங்கிள்" என்று கூப்பிட்டாள். அந்தச் சொல்லே அவருக்கு ஒரு வேகத்தடை. முதல் நாள் வாத்தியத்தின் முன்னால் இருந்த முக்காலியில் உட்காரச் சொன்னாள். அவர் உட்கார்ந்தார், முக்காலியை முன்னால் இழுத்தார், முதுகை நிமிர்த்தினார், பிறகு தலைக்கு மேலே எதையோ துழாவினார்.

"என்ன தேடுறீங்க அங்கிள்?"

"கண்ணாடி. பின்னாடி பாக்கணும்ல?"

"பின்னாடி யாரும் வர மாட்டாங்க. செவுருதான் இருக்கு."

குச்சிகளைக் கொடுத்தாள். மாஸ்டர் இரண்டையும் ஹேண்ட்பிரேக்கைப் பிடிப்பதுபோலப் பிடித்தார். அடித்தார். குச்சி தோலில் பட்ட இடத்திலேயே ஒட்டிக்கொண்டு நின்றது. இன்னொரு அடி. அதுவும் அப்படியே. ஆணி அடிக்கிறவன்கூடச் சுத்தியலைத் திரும்பத் தூக்குவான். இவர் அடித்த அடி எங்கேயும் ஓடிவிடாமல் காவல் காத்தார்.

"அடிக்கிறது நீங்க. திரும்பி வர்றது குச்சியோட வேலை. அதையும் நீங்களே செய்யாதீங்க" என்றாள் அவள்.

"அதுபாட்டுக்கு வருமா?"

"வரும். நம்புங்க."

மாஸ்டர் குச்சியைச் சந்தேகத்தோடு பார்த்தார். முதல் நாள் வரும் மாணவனை அவர் பார்க்கும் அதே பார்வை.

காலுக்கு வந்தபோது நிலைமை முற்றியது. தரையில் படுத்திருக்கும் பெரிய டிரம்மைக் காலால் அடிக்க வேண்டும். பெடலை மிதித்தால் ஒரு சின்னச் சுத்தி போய்த் தோலில் அடிக்கும். காலைத் தளர்த்தினால் திரும்பும். டிரம் 'தும்' என்று முழங்கும். மாஸ்டர் மிதித்தார், மிதித்தபடியே இருந்தார். சுத்தி தோலில் அழுந்திக் கிடந்தது. முழங்க வேண்டிய டிரம், வாயைப் பொத்தியதுபோல 'தொப்' என்றது.

"மிதிச்சா விடணும் அங்கிள்."

"விட்டா உருண்டுடுமேம்மா."

"டிரம் எங்கயும் போகாது."

ஆனால் போயிற்று. வகுப்பு முடிவதற்குள் டிரம் அவரை விட்டு விலகி விலகி ஒரு சாண் தூரம் முன்னால் நகர்ந்திருந்தது. அவருடைய மிதிதான் அதைத் தள்ளிக்கொண்டு போனது என்பதை அவர் ஒப்புக்கொள்ளவில்லை. "பாத்தீங்களா? நான் சொன்னேன்ல? பிடிச்சும் நிக்கல. பிடிக்கலேன்னா வாசல் தாண்டியிருக்கும்!" என்றார். தன் நெடுநாள் கொள்கைக்குச் சாட்சி கிடைத்துவிட்ட திருப்தி முகத்தில் தெரிந்தது. ஆசிரியை டிரம்முக்கு அடியில் தடித்த கம்பளம் ஒன்றை இழுத்து விரித்தாள்.

தளர்வாக இருப்பதற்கு அவர் எடுத்துக்கொண்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. காலையில் எழுந்ததும் தோளை இறக்கிப் பழகுவார். மூச்சைப் பிடித்துக்கொண்டு இறக்குவார். சோபாத் தலையணையைக் குச்சியால் அடித்துப் பழகும்போது வீட்டில் யாரும் பேசக்கூடாது, தண்ணீர்க் குழாயைத் திறக்கக்கூடாது, மின்விசிறிகூட மெல்லத்தான் சுற்ற வேண்டும்.

"கொஞ்சம் சும்மா இருங்களேன்! மனுஷன் ரிலாக்ஸ் ஆகிட்டு இருக்கேன்ல!" என்று அடுப்படி வரைக்கும் கேட்கக் கத்துவார்.

"ஆகுங்க, ஆகுங்க. நரம்பு வெடிச்சா சொல்லுங்க, ஊசி எடுத்துட்டு வரேன்" என்று பதில் வரும்.

தாடையை அவர் கடிப்பதைக் கண்டுபிடித்த ஆசிரியை ஒரு வழி செய்தாள். மெல்லிய பிஸ்கெட் ஒன்றைப் பல்லிடுக்கில் வைத்துக்கொண்டு வாசிக்க வேண்டும், உடையக்கூடாது. அரைமணியில் பாக்கெட் முழுவதும் மாவாயிற்று. மாஸ்டர் சட்டையெல்லாம் தூளாக மாடியிலிருந்து இறங்கினார். ஆனாலும் யோசனை பிடித்துப்போய்விட்டது. மறுநாளே காரில் பிஸ்கெட் பாக்கெட்டோடு ஏறி, வந்த மாணவர்களின் வாயிலெல்லாம் ஒன்றைச் செருகினார். தனக்கும் ஒன்று. "உடையக்கூடாது, பாத்துக்கோங்க!" மாணவர்கள் வாயில் பிஸ்கெட் முழுசாக இருந்தது. காரணம் எளிது, அவர்களுக்கு எந்தக் கவலையும் இல்லை, வண்டி தானாக நிற்கும். மாஸ்டர் தெருமுனை திரும்புவதற்குள் மூன்றாவதை மென்றுகொண்டிருந்தார்.

வகுப்பை விட்டுவிடலாம் என்று அவர் இருந்தபோதுதான் ஆசிரியை காலின் நோயைச் சரியாகப் பிடித்தாள்.

"உங்க காலுக்கு வேலை இல்லாம இருக்கத் தெரியல அங்கிள். அதுக்குன்னு ஒரு வேலை குடுத்துடுவோம். நான் ஒண்ணு சொல்லும்போது ஒரு தட்டு. மூணு சொல்லும்போது ஒரு தட்டு. வேற எதுவும் யோசிக்காதீங்க."

அவள் எண்ணினாள், இவர் தட்டினார். எண்ணினாள், தட்டினார். வகுப்பு வகுப்பாக இதே வேலை. ஒருநாள் கீழே தெருவில் ஒரு லாரி ஹாரன் அடிக்க, மாஸ்டரின் கவனம் அங்கே போயிற்று. யாரும் பார்க்காத அந்த நேரத்தில் கால் மிதித்தது, மிதித்துவிட்டு விட்டது. 'தும்' என்றது டிரம். அறையின் ஜன்னல் கண்ணாடி மெல்ல அதிர்ந்தது.

"இப்ப யாரு அடிச்சது?" என்று கேட்டார் மாஸ்டர்.

"நீங்கதான் அங்கிள்!"

அவர் மறுபடி அடித்தார். மறுபடி முழங்கிற்று. அன்றைக்கு அவர் பேருந்தில் வீட்டுக்குப் போகும்போது ஓட்டுநர் முதன்முறையாக உதவியின்றி வண்டியை நிறுத்தினார்.

அதோடு கதை முடிந்திருந்தால் அவர் வேறு மனிதராகியிருப்பார். ஆனால் அவர் கால் எந்த நல்ல பழக்கத்தையும் பாதியில் விடாது.

தேர்வுக்கு முந்தைய வாரம் மனைவியைக் கூட்டிக்கொண்டு பயிற்சிக்குக் கிளம்பினார். தோள் இறங்கியிருந்தது. தாடை தொங்கியது. ஜன்னலில் முழங்கையை வைத்துக்கொண்டு ஏதோ ராகத்தை முனகினார். அவரைக் கல்யாணமான நாளிலிருந்து இப்படிப் பார்த்திராத அம்மாள், உடம்பு சரியில்லையோ என்று ஒரு நிமிஷம் பயந்தார். கார் நல்ல வேகத்தில் போயிற்று. போய்க்கொண்டிருக்கும்போதே லேசாக விக்கியது. சற்றுப் போனதும் மறுபடி விக்கியது. பிறகு ஒரு சீரான இடைவெளியில் விக்க ஆரம்பித்தது. பின்னால் வந்த வண்டிகள் ஹாரன் அடித்தன. எதிரே வந்த ஆட்டோக்காரர் வேடிக்கை பார்த்துக்கொண்டே போனார்.

"என்னங்க, வண்டி ஏன் இப்படி விக்குது?"

"கிளட்ச்சை டக்குனு விடாதம்மா. லூசா விடு."

"நான் கிளட்ச்ல காலே வைக்கல."

"அப்ப பெட்ரோல்ல தண்ணி கலந்திருக்கும்."

அம்மாள் அவர் முனகலைக் கேட்டார். காரின் விக்கலைக் கேட்டார். இரண்டும் ஒரே தாளம். காரை ஓரங்கட்டினார், குனிந்து கணவரின் காலடியைப் பார்த்தார். வண்டி நின்ற பிறகும் மாஸ்டரின் வலது கால் இரண்டாவது பிரேக்கின் மேல் ஆனந்தமாகத் தட்டிக்கொண்டிருந்தது. ஒன்றுக்கு ஒரு தட்டு, மூன்றுக்கு ஒரு தட்டு.

அம்மாள் சத்தம் போடவில்லை. ஊசி போடும் குரலில்தான் பேசினார். அதனால்தான் மாஸ்டர் முனகலைச் சட்டென்று நிறுத்தினார்.

"இத்தனை நாளா பயத்துல மிதிச்சீங்க. இப்ப சந்தோஷத்துல தட்டுறீங்க. எப்படி இருந்தாலும் வண்டி என் கைக்கு வர மாட்டேங்குது. எறங்குங்க."

"எங்கம்மா எறங்கறது? பாதி வழியில."

"உங்களை எறங்கச் சொல்லல. காலை எறக்கி வைங்க."

அன்று மாலை மாஸ்டர் மாடிக்குப் போய் ஆசிரியையிடம் முறையிட்டார். "நீங்க சொன்னபடிதானே இருந்தேன் டீச்சர்? தளர்வா இருந்தேன். பாட்டுகூடப் பாடினேன். அதுக்கும் திட்டு விழுது."

அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கார் விக்கியதை நடித்துக் காட்டச் சொல்லி இன்னொரு முறை சிரித்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சரி, இன்னிக்கு உங்களுக்குப் பெரிய பாடம்" என்றாள். தானே வாத்தியத்தின் முன்னால் உட்கார்ந்து, பக்கத்தில் இன்னொரு பெடலையும் முக்காலியையும் போட்டு அவரை உட்காரவைத்தாள்.

"நான் வாசிப்பேன். நீங்க பெடல் மேல காலை வச்சிக்கிட்டு கடைசி வரைக்கும் இருங்க."

"எப்ப தட்டணும்?"

"தட்டவே கூடாது."

"கடைசியிலயாவது?"

"கடைசியிலயும் இல்ல. இந்தப் பாட்டுல உங்களுக்கு வேலையே கிடையாது."

அவள் வாசித்தாள். அறை அதிர்ந்தது. மாஸ்டரின் பாதம் முதல் நிமிஷத்திலேயே தட்டிவிட்டது. அவள் நிறுத்தினாள், முதலிலிருந்து தொடங்கினாள். மறுபடி தட்டிவிட்டது. மறுபடி முதலிலிருந்து. அடித்து வாசித்த நாட்களில் நெற்றி மட்டும்தான் வேர்க்கும். சும்மா உட்கார்ந்த அன்று முதுகுச் சட்டை பிழிகிறாற்போல நனைந்தது. கால் சும்மா இருந்தபோது தொடை ஆடியது. தொடையை அடக்கினால் கட்டைவிரல் எழுந்து நின்றது. கடைசிவரை அவரால் ஒரு பாட்டைக்கூட முழுசாக வாசிக்காமல் இருக்க முடியவில்லை. "பரவால்ல அங்கிள், இது எல்லாத்தையும் விடக் கஷ்டம்" என்று அவள் சமாதானம் சொன்னது அவருக்குச் சமாதானமாக இல்லை. தேர்வுக்கு இன்னும் நாலைந்து நாள்தான் இருந்தது.

தேர்வன்று காலையில் அம்மாள் புதுச் சட்டமாகச் சொல்லிவிட்டார்: இவர் வாசலோடு நின்றுகொள்ள வேண்டும், காருக்குள் அதிகாரியும் தானும் மட்டும். மாஸ்டரும் மூச்சுவிடாமல் தலையாட்டினார். அதைக் கெடுத்தது கார்தான். மாஸ்டரின் இருக்கை, வருஷக்கணக்காக பிரேக்கை எட்டுவதற்கு வாகாக முன்னால் இழுக்கப்பட்டு அங்கேயே துருப்பிடித்திருந்தது. இந்தத் தடவை வந்திருந்த அதிகாரி புதியவர், பருத்தவர், முட்டிவலிக்காரர். இரண்டு தரம் உள்ளே நுழையப் பார்த்தார். வயிறு நுழைந்தது, முட்டி நுழையவில்லை.

"நான் பின்னாடி உக்காந்துக்கறேன். முன்னாடி யாராவது இருக்கணும்னு விதி இருக்கு. மாஸ்டர், நீங்களே ஏறுங்க. ஆனா ஒண்ணு. உங்க கால் அந்த பிரேக்ல பட்டுதுன்னு தெரிஞ்சா அம்மா அங்கேயே ஃபெயில்."

அம்மாள் கணவரின் முகத்தைப் பார்க்கவில்லை; காலைப் பார்த்தார். பிறகு கையை ஸ்டியரிங்கின் மேல் வைத்துக்கொண்டு நேராகப் பார்த்தார். எதிர்ச்சாரியில் எதிர்க்கடையின் கார் நின்றிருந்தது. அதன் ஆசிரியர் தொப்பிக்கு அடியில் தூங்கிக்கொண்டிருந்தார்.

மாஸ்டர் ஏறினார். கதவைச் சாத்தினார். பெல்ட்டைப் போட்டார். பிறகு யாரும் சொல்லாமல், செருப்புகளைக் கழற்றி ஓரமாகத் தள்ளிவிட்டு, இரண்டு கால்களையும் ஒவ்வொன்றாகத் தூக்கி, அந்தக் குறுகிய இருக்கையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். முட்டி ஒன்று கதவில் இடித்தது, இன்னொன்று கியர் பக்கம் நீட்டிக்கொண்டு நின்றது.

"என்ன மாஸ்டர், சாப்பாடு போடப் போறாங்களா?" என்றார் அதிகாரி.

"அப்படியே இருக்கட்டும் சார்" என்றார் அம்மாள். முட்டியில் இடிக்காமல் கியரைப் போட்டார்.

கார் கிளம்பியது. முதல் நிறுத்தற்கோடு வந்தது. கோட்டுக்கு முன்னால் நின்றது. மாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டார். திருப்பம் வந்தது, பாலம் வந்தது, இறக்கம் வந்தது. ஒவ்வொன்றுக்கும் அவர் உடம்பு இருக்கையிலிருந்து கொஞ்சம் எழும்பி, பிறகு உட்கார்ந்தது. உதடு எதையோ எண்ணிக்கொண்டிருந்தது. கடைவீதிக்குள் நுழைந்தபோது அவரால் தாங்க முடியவில்லை, கண்ணைத் திறந்தார். அந்த நொடியில் பக்கத்துச் சந்திலிருந்து ஒரு தள்ளுவண்டி வந்தது. மேலே மெத்தைகள் கோபுரமாக அடுக்கியிருந்தன. தள்ளுகிறவருக்கு முன்னால் என்ன இருக்கிறதென்றே தெரியாது. மெத்தைக் கோபுரம் நேராகச் சாலையின் நடுவுக்கு வந்தது.

மாஸ்டர் வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை.

கார் நின்றது. குலுங்காமல், விக்காமல், தள்ளுவண்டிக்கு ஒரு கைநீட்டும் தூரத்தில் நின்றது. மெத்தைக்காரர் எதுவும் தெரியாமலே கடந்து போனார்.

பின்னாலிருந்து அதிகாரியின் தலை இரண்டு இருக்கைகளுக்கும் நடுவே நீண்டது. "யாரு பிரேக் போட்டது?"

"நான்தான் சார்" என்றார் அம்மாள்.

அதிகாரி மாஸ்டரின் பக்கம் எட்டிப் பார்த்தார். மாஸ்டருக்கே அது நிச்சயமில்லை. அவரும் குனிந்து பார்த்தார். இரண்டாவது பிரேக் கீழே தனியாக இருந்தது. வலது பாதம் உள்ளங்கால் மேலே தெரிய அவர் மடியில் இருந்தது. இரண்டு கைகளும் அதைக் கணுக்காலோடு சேர்த்துப் பிடித்திருந்தன.

"நிறுத்தத் தெரியுதான்னுதான் பாக்கணும். தெரியுது. போதும்மா, ஆபீஸுக்குத் திருப்புங்க" என்று அதிகாரி பின்னால் சாய்ந்துகொண்டார்.

அம்மாள் கியரை மாற்றினார். கார் நகர்ந்தது. மாஸ்டர் தன் பாதத்திலிருந்து விரல்களை ஒவ்வொன்றாக எடுத்தார்.